பெரியப்பச்சி பூட்டிய பெட்டி

கேள்வி: எனக்கு வயது 36. காரைக்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ஹாட் வீல்ஸ் கார்களும் ஆறு அங்குல ஆக்‌ஷன் ஃபிகர்களும் (கைகால் மடங்கும் வீரர் பொம்மைகள்) சேர்க்கிறேன். சிலவற்றைப் பிரித்து வேறு பெயின்ட் அடித்து, போனில் படம் எடுப்பேன். மனைவிக்கு இது சின்னப்பிள்ளை வேலை, பண விரயம். போன மாதம் படைப்புக்காக (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) கானாடுகாத்தான் பூர்வீக வீட்டுக்குப் போனபோது, மேல்மாடிப் பெட்டி ஒன்றில் மரப்பாச்சி ஜோடி, பித்தளைச் சொப்புகள், சாவி முடுக்கினால் ஓடும் தகரக் கார் எல்லாம் இருந்தன. கார் பெயின்ட் உதிர்ந்து துருவேறிக் கிடக்கிறது. எடுத்துப்போய்ப் புதுசாக்கித் தருகிறேன் என்றேன். பெரியப்பச்சி (அப்பாவின் அண்ணன்) ஒன்றும் பேசாமல் பெட்டியைப் பூட்டிவிட்டார். அந்த வீட்டில் எங்களோடு ஏழு குடும்பங்களுக்குப் பங்கு. நான் கேட்டது தப்பா? என் ஏழு வயது மகனும் கார்களைக் கேட்கிறான். கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: கேட்டது தப்பில்லை தம்பி, கேட்ட விதம்தான் இடித்திருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை போய்வந்தால் பெரியப்பச்சியின் பயம் உங்களுக்கே புரியும். யார் யார் வீட்டு எனாமல் தூக்குகளும் கதவு நிலைகளும் பெல்ஜியம் கண்ணாடிகளும் அங்கே விலைச்சீட்டோடு நிற்கின்றன. அவற்றில் எத்தனை 'சும்மா எடுத்துப்போய்ச் சரிபண்ணிக் கொண்டுவருகிறேன்' என்று வீட்டை விட்டுக் கிளம்பியவையோ! 'எடுத்துப்போய்' என்ற சொல் அவர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும்.

அவர் பூட்டியது நல்லதுக்கும்தான். அந்தத் தகரக் காருக்குப் பெயின்ட் அடித்தால் கார் போய்விடும். பழைய தகரப் பொம்மைகள் பெரும்பாலும் தகட்டிலேயே படம் அச்சடித்து, அப்புறம் அச்சில் வைத்து அழுத்தி வளைத்துச் செய்தவை. ஜன்னல், கதவு, டிரைவர் முகம் எல்லாமே அந்த மெல்லிய அச்சுதான். உப்புத்தாள் ஒருமுறை பட்டால் திரும்ப வராது. மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், போதும். தண்ணீர் வேண்டாம். சாவியை வம்படியாக முடுக்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கும், சுருள்வில் தெறித்துவிடும்.

காரைக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஜெர்மனியின் நூரெம்பெர்க் தகரப் பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் அந்தச் சந்தையைப் பிடித்தது. 'ஆக்குபைட் ஜப்பான்' (நேச நாட்டுப் படைகளின் பிடியில் இருந்த ஜப்பான்) என்ற எழுத்து இருந்தால் அது 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்ட சரக்கு. அந்த வருஷங்களில் உங்கள் வீட்டில் யார் ரங்கூனிலோ பினாங்கிலோ கணக்குப் பார்த்தார்கள் என்று பெரியப்பச்சியிடம் கேளுங்கள். பொம்மையைப் பற்றிப் பேசாத மனுஷரும் அதைப் பற்றிப் பேசுவார்.

உங்கள் பொழுதுபோக்கில் இரண்டு வேலை இருக்கிறது: பொம்மையை மாற்றுவது, பொம்மையைப் படம் எடுப்பது. காசு கொடுத்து வாங்கிய ஹாட் வீல்ஸை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஏழு பங்குச் சொத்தைப் படம் மட்டும் எடுங்கள். படத்தில் நீங்கள் நினைத்த எல்லா மாற்றமும் செய்யலாம், பொம்மையில் ஒரு கீறலும் விழாது.

மரப்பாச்சியில் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. கொலுவுக்குக் கொலு அதற்குப் புதுத் துணி கட்டி, மணி கோத்துப் போட்டு, பொட்டு வைத்து அலங்கரிப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிறதே. நீங்கள் 'கஸ்டமைசிங்' என்று இங்கிலீஷ் பேர் சொல்லிச் செய்கிற அதே வேலைதான். பழைய கண்டாங்கிச் சேலையின் கரையைக் கிழித்து ஜோடிக்கு உடுத்திவிடுங்கள். நாளைக்கு அவிழ்த்துவிடலாம் என்பதால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பசை, வார்னிஷ், கண்ணுக்கு மை என்று இறங்கிவிடாதீர்கள்.

இனி படம். உங்களுக்கு வாய்த்த ஸ்டூடியோ மாதிரி சென்னைக்காரருக்கு வாய்க்காது. வளவுக்கு (வீட்டின் உள்கட்டு) நடுவே திறந்த வாசல், சுற்றித் தூண் வைத்த தாழ்வாரமான பத்தி, வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர். உச்சி வெயில் வாசலில் விழுந்து வெள்ளைச் சுவரில் பட்டுப் பத்திக்குள் வரும்போது கடுமை போய்விடுகிறது. பொம்மையை வாசலில் வைக்காமல் தூணுக்கு இந்தப் பக்கம், நிழல் தொடங்கும் இடத்தில் வையுங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையோடு ஒட்டி வரும். பொம்மையின் கண்மட்டத்துக்கு நீங்கள் இறங்கினால்தான் அது ஆளாகத் தெரியும். நின்றபடி எடுத்தால் பொம்மையாகவே தெரியும்.

ரொம்பக் கிட்டே போகாதீர்கள். கிட்டே போனால் மூக்கு மட்டும் தெளிவாகி மற்றதெல்லாம் மங்கும். அந்த மங்கலே 'இது சின்னப் பொருள்' என்று காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் தள்ளி வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது அளவுக் கணக்கில். ஆறு அங்குல ஃபிகர் 1:12 அளவு, அதாவது நிஜ ஆளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஹாட் வீல்ஸ் சுமாராக 1:64. எட்டு அங்குல ஆத்தங்குடி டைல்ஸ் ஒன்று உங்கள் ஃபிகருக்கு எட்டடி அகலக் கல். கோலம் போட்ட மேடை மாதிரி ஜோராக நிற்கும். அதே டைல்ஸ் குட்டிக் காருக்குக் கிட்டத்தட்ட 13 மீட்டர். பூவின் ஒரே ஓர் இதழ் மேல் கார் நிற்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. காருக்குச் செம்மண் தரையோ, திண்ணை ஓரச் சிமென்டோ தேவலை. சொப்புகளை ஃபிகரோடு சேருங்கள். நாலு சென்டிமீட்டர் பித்தளைச் சொப்பு 1:12-ல் முழங்கால் உயர அண்டா! ஹெல்மெட் போட்ட விண்வெளி வீரன் முகப்பில் பந்தி பரிமாறுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? புகைக்குச் சாம்பிராணி. வெளிச்சம் புகைக்குப் பின்னாலிருந்து வரட்டும்.

பெயின்ட் வேலையில் இரண்டே விஷயம் சொல்கிறேன், மற்றது உங்களுக்கே தெரிந்திருக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மத்தியானம் ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று படியும், விடியற்காலைதான் நேரம். மென்மையான பிளாஸ்டிக் ஃபிகர்களில் சில ஸ்ப்ரேக்கள் காயாமல் பிசுபிசுத்தே நிற்கும். அவற்றுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாங்கி மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு வருகிறேன். சின்னப்பிள்ளை வேலை என்பதை விட்டுத்தள்ளுங்கள். ஜப்பானில் தத்சுயா தனாகா என்றொருவர் 2011-லிருந்து குட்டிப் பொம்மைகளையும் வீட்டுச் சாமான்களையும் வைத்து நாளுக்கு ஒரு படம் போட்டுக்கொண்டிருக்கிறார். அதுவே அவர் தொழிலாகிவிட்டது. ஆனால் பண விஷயத்தில் நான் உங்கள் வீட்டம்மா கட்சி. ஹாட் வீல்ஸ் கம்பெனி 1995-லிருந்து 'ட்ரெஷர் ஹண்ட்' என்று அபூர்வக் கார்களைச் சாதாரண அட்டைகளுக்கு நடுவே கலந்து அனுப்புகிறது. அதைக் கடைக்காரர் கவனிக்கும் முன்னே கண்டுபிடித்துச் சாதாரண விலைக்கு வாங்கினால் சந்தோஷம். இடைத்தரகரிடம் பல மடங்கு கொடுத்து வாங்குவது பைத்தியக்காரத்தனம். அதுவும் பிரித்துப் பெயின்ட் அடிக்கிற உங்களுக்குப் பிரிக்காத அட்டை எதற்கு? சக்கரம் கழன்ற, பெயின்ட் போன பழைய கார்களைக் கேட்டு வாங்குங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை வீட்டம்மாவிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் சொல்லும் தொகை நீங்கள் நினைப்பதில் பாதிதான் இருக்கும், ஒத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பச்சியிடம் இனி போனை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியை அவரே திறக்கட்டும், அவர் முன்னால் அங்கேயே எடுங்கள். முதலில் அழகுப் படம் வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, முன்னால், பின்னால், அடியில் என்று எடுத்து, பட்டியல் போட்டு ஏழு பங்குக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அவருக்கும் பாரம் குறையும். விண்வெளி வீரன் பந்தியை அதற்கடுத்த தடவை கேட்டுப் பாருங்கள்.

மகனுக்குத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கடையில் வாங்கியபடி இருக்கும் கார்களை. நீங்கள் பிரித்துத் திருகு போட்டவற்றில் சின்னத் திருகு கழன்று வரும். அவன் தனியே விளையாட அவை வேண்டாம். தகரக் காரைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் கண்ணாலேயே பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், மடித்த ஓரமும் கையைக் கிழிக்கும்.