கேள்வி–பதில்: ‘புளூ காலர்’ படத்தில் குற்றவாளி யார்?

கேள்வி: தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்லும் குற்றப் படம் என்று நண்பர் கூறியதால், 1978-இல் வெளிவந்த ‘புளூ காலர்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தேன். தொழிலாளர்களே தங்கள் சங்கத்தைக் கொள்ளையடிக்கிறார்கள். சங்கத் தலைவர்களோ அயோக்கியர்களாக வருகிறார்கள். நெடுநாள் சங்கத்தில் இருந்தவன் என்பதால் கேட்கிறேன், இது தொழிற்சங்க எதிர்ப்புப் படம்தானே?

பதில்: சங்கத் தலைமையை இப்படம் விட்டுவைக்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும், அந்த ஒரு முத்திரைக்குள் இதை அடக்கிவிட முடியாது. ‘டாக்ஸி டிரைவர்’ படத்தின் திரைக்கதையால் பெயர் பெற்ற பால் ஷ்ரேடர் முதன்முதலாக இயக்கிய படம் இது. டெட்ராயிட் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மூன்று நண்பர்கள், கடன் கழுத்தை நெரிக்கவே, சங்க அலுவலகப் பெட்டகத்தை உடைக்கிறார்கள். கிடைப்பது வெறும் 600 டாலரும் ஒரு கணக்குப் புத்தகமும். சங்கப் பணம் யாருக்கெல்லாம் சட்டவிரோதக் கடனாகப் போயிருக்கிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. சங்கமோ, களவு போன தொகையைப் பல மடங்கு கூட்டிச் சொல்கிறது. திருடியவர்களைவிடப் பறிகொடுத்தவர்கள் அதிகம் லாபம் பார்க்கத் துணியும் இந்த இடத்தில்தான், படம் வழக்கமான கொள்ளைக் கதையிலிருந்து விலகுகிறது.

அந்தக் கணக்குப் புத்தகத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. டீம்ஸ்டர்ஸ் எனப்படும் லாரி ஓட்டுநர் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹோஃபா, ஓய்வூதிய நிதியிலிருந்து வழங்கப்பட்ட கடன்கள் தொடர்பான மோசடிக்காகவும் 1964-இல் தண்டிக்கப்பட்டவர். சிறையிலிருந்து வெளிவந்தபின், 1975 ஜூலையில் டெட்ராயிட் அருகே காணாமல் போனார். மூன்றே ஆண்டுகளுக்குப் பின் வந்த படத்தை இச்செய்திகளின் நினைவோடுதான் அன்றைய தொழிலாளி பார்த்திருப்பார். ஆனால், 1936–37-இல் ஃபிளின்ட் நகர ஆலைகளுக்குள்ளேயே 44 நாள் அமர்ந்து வேலைநிறுத்தம் செய்து, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைப் பணியவைத்த கார் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு படத்தில் எங்கும் எதிரொலிக்கவில்லை. தங்கள் மனக்குறையில் நியாயம் இருப்பது இங்கேதான்.

கேள்வி: திருட்டை நியாயப்படுத்தும் கதையாக எனக்குத் தோன்றியது. தங்கள் கருத்து?

பதில்: நியாயப்படுத்தவில்லை; அதற்கான காரணத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்க் காட்டுகிறது. ஹார்வி கைட்டல் ஏற்ற ஜெர்ரியின் மகளுக்குப் பல்லில் கம்பி கட்ட வேண்டும். அப்பாவிடம் பணமில்லை என்று அறிந்த அந்தச் சிறுமி, கையில் கிடைத்த கம்பியைத் தானே வளைத்து மாட்டிக்கொண்டு வாயைப் புண்ணாக்கிக்கொள்கிறாள். ரிச்சர்ட் பிரயர் ஏற்ற ஸீக், வரிச் சலுகைக்காக இல்லாத பிள்ளைகளையும் கணக்கில் காட்டியவன். வரி அதிகாரி வீடு தேடி வந்ததும், மனைவி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஓட்டி வந்து நிறுத்துகிறாள். நாம் சிரித்து முடிப்பதற்குள் அதிகாரி கட்டச் சொல்லும் தொகை வந்து விழுகிறது.

மூன்றாமவன் ஸ்மோக்கி, சிறை சென்று வந்தவன். வெள்ளையரையும் கறுப்பரையும், மூத்தவரையும் புதியவரையும் ஒருவர்மீது ஒருவரை ஏவிவிட்டே மேலே இருப்பவர்கள் பிழைக்கிறார்கள் என்பது மற்ற இருவரைவிட அவனுக்கே தெளிவாகத் தெரியும். பெயின்ட் அடிக்கும் அறைக்குள் பூட்டப்பட்டு அவன் மூச்சுத் திணறிச் சாகும் காட்சியில், இயந்திரம் தன் அன்றாட வேலையைத்தான் செய்கிறது. ஆகவே அந்தக் கொலை விபத்தாகக் கணக்காகிவிடுகிறது. பின்னர் ஸீக்குக்குச் சங்கப் பதவி கிடைக்கிறது. ஜெர்ரி உயிருக்குப் பயந்து, அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. பக்கம் ஓடுகிறான். ஆளுக்கொரு விலை பேசி நட்பை உடைத்த இக்குற்றத்தின் முன் பெட்டகத் திருட்டு அற்பமானது. எஃப்.பி.ஐ. நுழைந்தபின் கதை அவசரப்படுகிறது என்பதையும், மனைவியர் பாத்திரங்கள் அரைகுறையாகவே வரையப்பட்டுள்ளன என்பதையும் மறுப்பதற்கில்லை.

கேள்வி: தொழிற்சாலைக் காட்சிகள் அரங்கம் போட்டு எடுத்தவையா?

பதில்: இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில், டாக்ஸிகளுக்குப் பெயர்போன செக்கர் கார் ஆலையில் படமாக்கப்பட்டவை. அங்கே நடிகர்களுக்குள் ஓயாத சண்டை நடந்ததையும், அதில் தாம் மனமுடைந்துபோனதையும் ஷ்ரேடரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸீக்கும் ஜெர்ரியும் ஒருவர்மீது ஒருவர் பாயும் கடைசிக் காட்சியின் வெறி முழுவதும் நடிப்புதானா என்ற ஐயம் எனக்கு உண்டு.