ஜன்னலோர வெயில் போதுமா?

கேள்வி: கணவருக்கு மாற்றல் கிடைத்து, போன சித்திரையில் ஈரோட்டிலிருந்து குன்னூருக்குக் குடிவந்தோம். எனக்கு வயது 34. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை, காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏழாகிவிடும். இங்கே வந்த பிறகு கை, கால் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வறண்டு கிடக்கிறது. சின்ன வயதில் முழங்கை மடிப்பில் இருந்த கரப்பான் திரும்ப வந்து, ராத்திரியில் சொறிந்து சொறிந்தே தூக்கம் போகிறது. கன்னத்தில் லேசாக மங்கு வேறு. "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா இப்படித்தான் ஆகும், நாலு எட்டு மரஞ்செடியப் பாத்து நடந்துட்டு வா" என்கிறார் அத்தை. வெளியே போனால் மங்கு கூடிவிடும், கறுத்தும் போவேன் என்று பயமாக இருக்கிறது. ஜன்னலோரம் வெயில் படும்படிதான் நாற்காலி போட்டிருக்கிறேன், அது போதாதா? பக்கத்துக் கடையில் முகம் வெளுக்க ஒரு க்ரீம் இருக்கிறது என்கிறார்கள், போடலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்த நாற்காலியை நகர்த்துங்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது அதுதான். சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை நம் தோலுக்கு முக்கியம். யூவி-பி என்ற வகை பட்டால்தான் தோல் வைட்டமின் டி தயாரிக்கும். அதை ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுதாகவே தடுத்துவிடும். யூவி-ஏ என்ற மற்ற வகை கண்ணாடியைத் தாண்டிப் பெருமளவு உள்ளே வந்துவிடும், மங்கைக் கூட்டுவதிலும் தோலை முதிர வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே மங்கை இன்னும் கருக்க வைக்கும். ஆக, எட்டு மாதமாக நீங்கள் வெயிலின் நல்லதை வெளியே நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் கன்னத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைக்கே நாற்காலியை உள்ளே தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு திரை தைத்து மாட்டுங்கள்.

அத்தை சொல்வது சரி. ஏன் சரி என்று சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் போனால் உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து முகம் எரிகிறது என்று மறுபடி எழுதுவீர்கள். வெயில் இந்த விஷயத்தில் ஒரு சின்னப் பங்குதான்.

இந்த மலையில் 20 வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். சமவெளியிலிருந்து வந்து சேர்ந்த பெண்களிடம் உங்களைப் போன்ற கைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அநேகமாக அவர்கள் எல்லோரும் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தவர்கள்தான். தனிமை, பேச ஆள் இல்லாமை, விடாத வேலை, எல்லாம் சேர்ந்து மனதை அழுத்தும்போது உடம்பில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் ஏறும். தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கொழுப்புப் பூச்சு ஒன்று இருக்கிறது. மனஅழுத்தம் நீடித்தால் அந்தப் பூச்சு சரியாக உண்டாகாது, கீறல் ஆறவும் நாளாகும். ஈரம் போனால் அரிப்பு, அரித்தால் சொறிவோம், சொறிந்தால் பூச்சு இன்னும் கிழியும், தூக்கமும் போகும், தூங்காத உடம்பு மறுநாள் இன்னும் தவிக்கும். இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே நடப்பது அதற்கு நல்ல இடம். மூச்சு நிதானமாகிறது, தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, காலை வெளிச்சம் கண்ணில் படுவதால் ராத்திரித் தூக்கம் ஒழுங்குக்கு வருகிறது. ஜப்பானில் 1982-லேயே அரசின் வனத்துறை இதற்கு 'வனக்குளியல்' என்று பெயர் வைத்து மக்களை அழைத்தது. குளிப்பது தண்ணீரில் அல்ல, காட்டின் காற்றிலும் வாசனையிலும்.

கரப்பான் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நம் தோல் மேல் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றில் பல வகை கலந்திருந்தால் நம் எதிர்ப்புச் சக்தி எதற்குச் சண்டை போட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று பழகிக்கொள்கிறது. பின்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2020-ல் வெளிவந்தது. சரளைக்கல் கொட்டிக் கிடந்த குழந்தைக் காப்பக முற்றங்கள் சிலவற்றில் காட்டுத் தரையைச் செடிகொடியும் மண்ணுமாக அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து விரித்தார்கள், புல்லும் பதித்தார்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் அதில் புரண்டு, தோண்டி, செடி நட்டு விளையாடினார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் இருந்த நுண்ணுயிர் வகைகள் கூடின, அழற்சியை அடக்கிவைக்கும் பக்கமாக ரத்தத்திலும் மாற்றம் தெரிந்தது. மொத்தம் 75 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. கரப்பான் குணமானது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணையும் இலையையும் தொட்டு ஒரு மாதம் இருந்தாலே தோல் அதைப் பதிவு செய்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது. உங்கள் வாசலில் நாலு தொட்டியில் கொத்தமல்லியும் புதினாவும் வையுங்கள், கையால் மண்ணைக் கிளறுங்கள். முழங்கை மடிப்பு வெடித்து நீர் கசிகிற நாளில் மட்டும் மண் அங்கே படாமல் முழுக்கை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வெயிலுக்கு வருவோம். மலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். நம் உடம்பு வெயிலைச் சூட்டை வைத்து அளக்கிறது, புற ஊதாக் கதிருக்கோ சூடு கிடையாது. ஈரோட்டைவிட குன்னூர் ஏறக்குறைய 1,650 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் இந்தக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். அப்படியானால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிருது என்று நிற்கிற உங்கள் மேல் ஈரோட்டு வெயிலைவிட ஆறில் ஒரு பங்கு அதிகமாகவே படுகிறது. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. நான் மலைக்கு வந்த முதல் வருடம் தொட்டபெட்டாவில் ஒரு காலை முழுக்கப் பனிமூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே நிற்கும் ஆள் முகம் தெரியாத மூட்டம், கையெல்லாம் விறைத்துவிட்டது. சாயங்காலம் மூக்கும் கன்னமும் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது, மூன்றாம் நாள் மூக்கு நுனியில் வெங்காயச் சருகு போல் தோல் உரிந்தது. இன்றுவரை மூட்டம் என்றாலும் குடை இல்லாமல் கிளம்புவதில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போது, முகத்தைக் குடையிலோ தொப்பியிலோ மறைத்துக்கொண்டு முன்னங்கையும் கெண்டைக்காலும் வெயிலில் படும்படி கால் மணி நேரம் இருபது நிமிடம் வாசலில் உட்காருங்கள். வைட்டமின் டி-க்கு அந்த நேரம்தான் உதவும், நம் நிறத்துக்கு வெள்ளைக்காரர்களைவிடக் கூடுதல் நேரமும் பிடிக்கும். எரிச்சல் வரும்வரை இருக்காதீர்கள். குறைவாக இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள், நீங்களாகவே ஊசியோ அதிக டோஸ் மாத்திரையோ வேண்டாம். நடைக்கு வேறு நேரம், வேறு இடம். நிழல் உள்ள பாதை. ஞாயிற்றுக்கிழமை சிம்ஸ் பூங்காவுக்குப் போங்கள், 1874-ல் சரிவான பள்ளத்தில் அமைத்தது, பெரிய பெரிய மரங்கள், நடுப்பகலிலும் இதமான நிழல். கோத்தகிரிப் பக்கம் வந்தால் லாங்வுட் சோலை இருக்கிறது, உள்ளே இரண்டடி வைத்ததும் மண்வாசனை மூக்கில் ஏறும். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டில் நடமாடும் நேரமாகப் பார்த்து வீட்டுப் பக்கமே அரை மணி நேரம் போதும். விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும் தனியாகப் போகாதீர்கள், குன்னூரில் காட்டெருமையும் கரடியும் தெருவுக்கே வரும் என்பது இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஓரத்துப் புதரில் கை வைக்காதீர்கள். செந்தட்டி இலை ஒன்று உரசினால் கரப்பான் உள்ள தோலுக்கு அது தனி அவஸ்தை.

கறுத்துவிடுவேன் என்ற பயம் பற்றி. கறுப்பதை நோயாக நினைக்காதீர்கள் தங்கச்சி. தோலுக்கு நிறம் தரும் மெலனின், நம் தோல் தனக்குத்தானே பிடித்துக்கொள்ளும் குடை. மங்கு வேறு, அதைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். வெளியே கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். சாயம் கலந்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள், அதில் உள்ள அயர்ன் ஆக்சைடு வெளிச்சத்தையும் தடுக்கும். அதிக நேரம் வெளியே என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அந்தக் கடை க்ரீமைத் தயவுசெய்து தொடாதீர்கள். அப்படிப் பெயர் தெரியாமல் விற்கும் வெளுக்கும் க்ரீம் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், முடி முளைக்கும், நிறுத்தினால் முகம் எரியும். கண்ணீரோடு வந்து உட்கார்ந்த பெண்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வறட்சிக்கு நடை மட்டும் போதாது. இந்த மார்கழிக் குளிரில் கீசர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது சுகம்தான், ஆனால் தோலில் இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் அது கழுவிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து பத்து நிமிடம், அவ்வளவுதான். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் கை காலில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பாட்டிலில் மெழுகாக உறைந்திருக்கும், குளிக்கும்போதே வெந்நீர் வாளியில் பாட்டிலை நிறுத்திவிட்டால் வெளியே வரும்போது இளகியிருக்கும். பரு வரும் முகமென்றால் முகத்துக்கு மட்டும் அது வேண்டாம். யூகலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் எண்ணெயும் இங்கே எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொடுப்பார்கள், அன்போடுதான் கொடுப்பார்கள், கரப்பான் மேல் அவற்றைப் போடாதீர்கள், புண்ணாகிவிடும்.

தோலின் மேலடுக்கு புதிதாகி வர நாலு வாரமாவது ஆகும், அதனால் ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். மடிப்பில் நீர் வடிந்தாலோ, மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அந்த ஒரு மாதத்துக்குக் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். முதல் வாரம் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், மரஞ்செடியைப் பார்க்க அவருக்கும் ஆசை இருப்பது அவர் பேச்சிலேயே தெரிகிறது. தை முடிவதற்குள் ராத்திரி அரிப்பு எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.