பெயர் மட்டும் நம்முடையது

கேள்வி: அமெரிக்காவில் விடுமுறை நாட்களில் ‘கேட்டமரான்’ பந்தயம் விடுகிறார்களாமே, அது நம் கட்டுமரம்தானா?

பதில்: பெயர் மட்டும்தான் நம்முடையது. கட்டுமரம் என்றால் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அவர்களுடைய கேட்டமரானோ இரண்டு ஒல்லியான ஃபைபர் மிதவைகள், நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளம், மேலே பாய். கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் கொண்டுவந்த ‘ஹோபி 16’ இதில் பிரபலம். நீளம் 16 அடி 7 அங்குலம், ஓட்ட இரண்டு பேர்.

செப்டம்பர் முதல் திங்கள் அங்கே தொழிலாளர் தினம். அந்த மூன்று நாள் விடுமுறையில் ஒருமுறை நண்பரோடு ஏறினேன். இடுப்பில் கொக்கி மாட்டி, பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் தொங்கியபடி படகுக்கு வெளியே நிற்க வேண்டும். காற்று பிடித்ததும் ஒரு மிதவை தண்ணீரை விட்டு எழுந்தது. ஆர்வக்கோளாறில் நான் முன்னால் நகர்ந்துவிட்டேன். அவ்வளவுதான், படகின் மூக்கு தண்ணீரில் குத்தி, குட்டிக்கரணம்! “பின்னாடி வாய்யா” என்று நண்பர் கத்தியது அப்புறம்தான் உறைத்தது.

நிமிர்த்த, கீழ் மிதவைமேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். எடை குறைந்தால் அசையாது. என் தொந்தி உருப்படியாக உதவியது அன்றைக்குத்தான். பந்தயத்தில் கடைசி.