பொரித்த எண்ணெயில் டீசல் வண்டி ஓடுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உதகையில் சிறிய தங்கும் விடுதியும் அதனோடு சிற்றுண்டிக் கடையும் நடத்துகிறோம். சீசன் மாதங்களில் பஜ்ஜியும் போண்டாவும் பொரித்த எண்ணெய் டின் டின்னாக மிஞ்சுகிறது. இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனர், தம் பழைய காரை உணவகத்தில் கழித்த எண்ணெயிலேயே பல காலம் ஓட்டியதாகச் சொல்கிறார். எங்களிடம் ஒரு பழைய டீசல் ஜீப்பும் 2021இல் வாங்கிய டீசல் காரும் உள்ளன. எண்ணெயை வடிகட்டி ஊற்றலாமா?
— ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதை நம்பலாம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியிலேயே, பிரெஞ்சு அரசின் விருப்பப்படி, ஒரு சிறிய டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நிலக்கடலை மிகுதியாக விளைந்த தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில், வெளியிலிருந்து எரிபொருள் தருவிக்காமல் எந்திரங்களை இயக்க முடியுமா என்று அறிய அவ்வரசு விரும்பியது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அழுத்தும்போது எழும் வெப்பத்தில், நுண்ணிய தூவலாகப் பீய்ச்சப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. எனவே அப்படித் தூவ முடிந்த, அந்த வெப்பத்தில் பற்றக்கூடிய எந்த எண்ணெயிலும் அது கொள்கையளவில் ஓடும்.

தூவுவதில்தான் சிக்கல். 40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுத்தன்மை, அதாவது எளிதில் ஓடாத கெட்டித்தன்மை, 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும் என்பது தரநிலை. அதே வெப்பத்தில் சமையல் எண்ணெய்களுக்கு அது 30 முதல் 40 வரை இருக்கிறது, அதாவது ஏறத்தாழப் பத்து மடங்கு கெட்டி. கெட்டியான எண்ணெய், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுண்துளையிலிருந்து விரிந்து பரவாமல் தாரையாக விழுவதால் முழுவதும் எரிவதில்லை; துளை வாயில் கரி கட்டுகிறது, பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்கின்றன, எரியாமல் தப்பிய எண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி என்ஜின் ஆயிலோடு கலந்து நாளடைவில் அதைக் கூழாக்கிவிடுகிறது. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வண்டி எந்தக் குறையும் காட்டாமல் ஓடும் என்பதால் பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

இங்கிலாந்தில் இப்படி ஓட்டியவர்கள் பெரும்பாலும், சிலிண்டருக்கு முன்னுள்ள சிற்றறையில் எரிபொருள் பற்றிக்கொள்ளும் பழைய வகை என்ஜின்களை வைத்திருந்தவர்கள். அவ்வகை என்ஜின்கள் கெட்டி எண்ணெயை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அங்கே பரவலாகப் புழங்கும் ரேப்சீட் எண்ணெய் நம் கடுகின் இனத்தைச் சேர்ந்தது. பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் எளிதில் உறையாது. 2007 முதல் ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை இத்தகைய எரிபொருளைத் தயாரிப்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் அந்நாட்டில் எரிபொருள் தீர்வையும் இல்லை என்பதால் லாபம் கண்கூடாக இருந்தது.

உங்கள் ஊரில் நிலைமை வேறு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதை, தலைக்குத் தேய்க்கும் முன் பாட்டிலை வெயிலில் வைத்து எடுக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைகளில் பொரிப்பதற்கு அதிகம் பயன்படும் பாமாயிலும் 10 டிகிரியை நெருங்கும்போதே மங்கிக் கட்டியாகத் தொடங்குகிறது; தலைக்குந்தாப் பக்கம் புல்வெளியில் உறைபனி படியும் டிசம்பர், ஜனவரி விடியலில் அது ஃபில்டரைத் தாண்டாது. இதற்கு மேல், 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பழைய என்ஜின்கள் நல்ல டீசலிலேயே மேட்டில் கரும்புகை விடுவதற்கு இதுவே காரணம். எரிவதற்கு அரும்பாடுபடும் எண்ணெயை அந்த மெல்லிய காற்றில் எரிக்கச் சொன்னால் கரி இன்னும் கூடும்.

காருக்கு ஒரு சொட்டும் வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 எனும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி செய்யப்பட்ட டீசல் கார் அது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் தரும் காமன் ரெயில் முறையில் ஆயிரம் பாருக்கும் (ஒரு பார் ஏறத்தாழக் கடல்மட்டக் காற்றழுத்தம்) மிக மேலான அழுத்தத்தில், மிக நெருக்கமான இடைவெளிகளோடு இயங்கும் பம்பும் இன்ஜெக்டரும், புகைக் குழாயில் கரித்துகளைப் பிடித்து அவ்வப்போது எரிக்கும் வடிகட்டியும் அதில் உண்டு. அந்தக் கரியை எரிப்பதற்காகப் பல கார்களில் சிலிண்டருக்குள் எரிபொருள் காலந்தாழ்த்திக் கூடுதலாகப் பீய்ச்சப்படுகிறது. டீசலைப் போல ஆவியாகாத சமையல் எண்ணெய் அப்போது நேரே என்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். ஒரு செட் இன்ஜெக்டர் மாற்றும் செலவில் பல மாதங்களுக்கு டீசல் போடலாம்.

ஜீப்புக்கு வழி உண்டு. எண்ணெய்க்குத் தனி டேங்க் வைத்து, ரேடியேட்டரின் வெந்நீரைக் கொண்டு அதை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கி, டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சில கிலோமீட்டர் முன்பே மீண்டும் டீசலுக்கு மாற்றிக் குழாய்களைக் கழுவிவிட வேண்டும். நெடுந்தூரம் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் அரைமணி நேர ஓட்டத்தில் எண்ணெய் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இறங்கும்போதோ, என்ஜின் எரிபொருளை அநேகமாகக் கேட்பதே இல்லை. சூடு தணிந்த சிலிண்டரில் சொட்டும் கெட்டி எண்ணெயால் கரிதான் மிஞ்சும். வண்டியின் எரிபொருள் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது என்பதையும், பதிவுச் சான்றில் இல்லாத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மலையில் இந்த முயற்சி வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: வாடகை ஜீப் ஓட்டுகிறேன். டீசலோடு பாதிக்குப் பாதி எண்ணெய் கலந்தால் அது மெலிந்துவிடாதா? கொஞ்சம் நீலகிரித் தைலமும் சேர்த்தால் குளிரில் உறையாது என்று எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் சொல்கிறார்.
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: மெலியும். ஆனாலும் பாதிக்குப் பாதி கலந்த கலவை டீசலைவிடச் சில மடங்கு கெட்டியாகவே இருக்கும். குளிரில் பாமாயிலின் கெட்டியாகும் பகுதி பிரிந்து அடியில் தங்குவதைக் கலப்பு முழுவதும் தடுப்பதில்லை.

தைலத்தைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. நீலகிரித் தைலம் கொழுப்பெண்ணெய் அன்று; யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி வடிக்கும், எளிதில் ஆவியாகும் நீர்த்த பொருள். ஆகவே அது எண்ணெயை இளக்கும். அழுத்தத்தில் தானே பற்றிக்கொள்ளும் குணமோ அதற்கு மிகக் குறைவு. அந்தக் குணத்தைக் குறிக்கும் சீட்டேன் எண் பி.எஸ். 6 டீசலுக்குக் குறைந்தது 51 இருக்க வேண்டும். சமையல் எண்ணெய்களுக்கே அது சுமார் 40 தான் எனும்போது, தைலம் அதை இன்னும் கீழே இழுக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் திணறுவதும், பற்றியபின் தடதடவென்று அடிப்பதும் கூடும். விலையிலோ தைலம் டீசலைவிடப் பல மடங்கு அதிகம். சளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எண்ணெயில் ஓடும் வண்டியின் புகையில் வடை வாசனை வரும் என்பது உண்மையா?
— பள்ளி மாணவர், கூடலூர்

பதில்: உண்மை. பொரித்த எண்ணெயை அப்படியே எரித்தால் பொரியல் கடை வாசனை வரும். எண்ணெய் சரியாக எரியாதபோது அது கண்ணைக் கரிக்கும் காரமாகவும் மாறும்.

கேள்வி: வேதியியல் படிக்கிறேன். எண்ணெயைப் பயோடீசலாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லைகள் இருக்காது அல்லவா? வீட்டிலேயே செய்யலாமா? செய்யக்கூடாது என்றால் கடைக்காரர்கள் எண்ணெயை யாரிடம் தருவது?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: பெரும்பாலான தொல்லைகள் தீரும். எண்ணெயின் மூலக்கூறு, ஒரு கிளிசரின் முதுகெலும்பில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் தொங்கும் அமைப்பு. 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனாலும் சிறிதளவு காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், மூன்று சங்கிலிகளும் கழன்று மெத்தனாலோடு இணைந்து பயோடீசலாகின்றன. கிளிசரின் அடியில் தங்கிவிடுகிறது. பாகுத்தன்மை 4, 5 சென்டிஸ்டோக் அளவுக்கு இறங்கும். அப்போதும் குளிர் விடாது: பாமாயிலிலிருந்து செய்த தூய பயோடீசல் 13 முதல் 16 டிகிரிக்குள் மங்கத் தொடங்குவதால், ஊட்டி இரவில் அதைத் தனியே ஊற்ற முடியாது, டீசலில் சிறு பங்காகக் கலக்கும்போதுதான் அது மலைக்கு ஏற்றதாகிறது. தரநிலை 7 விழுக்காடு வரை கலக்க அனுமதிக்கிறது.

வீட்டில் செய்யாதீர்கள். மெத்தனால் சிறிதளவு உடலுக்குள் போனாலும் கண்ணையும் உயிரையும் பறிக்கும். 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடித்தது அதுதான். உரிமமின்றி அதை வைத்திருப்பது தமிழ்நாட்டில் குற்றம். தவிர, பொரித்துப் பொரித்துப் புளித்த எண்ணெயில் கூடியிருக்கும், மூலக்கூறிலிருந்து பிரிந்த தனிக் கொழுப்பமிலங்கள் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோப்பாகிவிடும். உள்ளே தண்ணீர் இருந்தால் இன்னும் மோசம். அமில அளவைச் சோதிக்காமல் கலக்கியவர்களுக்குப் பாத்திரம் நிறையச் சோப்புக் கூழ்தான் கிடைக்கும்.

கடைக்காரர்களைப் பொறுத்தவரை, மீண்டும் மீண்டும் சூடாக்குவதால் பொரித்த எண்ணெயில் உருவாகும் சீர்கேட்டுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அந்த ஆண்டிலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், கழித்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் ரூகோ திட்டத்தைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பதற்குப் பயன்படுத்தும் கடைகள் கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே தர வேண்டும். உதகை வாசகியின் கடை அந்த அளவுக்குக் கீழே இருந்தாலும், எண்ணெயை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, தண்ணீர் படாமல் மூடிய டின்னில் சேர்த்து, பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து மொத்தமாகக் கொடுத்தால் சேகரிப்பாளர் மலையேறி வருவது அவருக்கும் கட்டுப்படியாகும். விற்கும் முன் அவருடைய அங்கீகாரச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது இல்லாதவரிடம் போகும் எண்ணெய் மலிவு விலையில் மீண்டும் யாருடைய வாணலிக்காவது திரும்பக்கூடும்.