ஸ்டீரியோ மிக்ஸரும் மோனோ சாம்ப்ளரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய அகாய் எஸ்900 சாம்ப்ளர் (ஒலித் துண்டுகளைப் பதிந்து இசைக்கும் கருவி) வாங்கியிருக்கிறேன். பதிவு செய்ய அதில் மோனோ இன்புட்தான் இருக்கிறது. என் மிக்ஸரின் லெஃப்ட், ரைட் அவுட் இரண்டையும் ஒரு ஒய் கேபிளால் சேர்த்து அதில் செருகலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஒய் கேபிள் ஒரு அவுட்டை இரண்டு இன்புட்டுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு; இரண்டு அவுட்டை ஒன்றாக்க அல்ல. மிக்ஸர் அவுட்டின் உள்தடை பெரும்பாலும் 100, 200 ஓம் அளவில்தான் இருக்கும். சாம்ப்ளர் இன்புட்டோ பல ஆயிரம் ஓம். இரண்டு அவுட்டையும் நேராக முடிந்துவிட்டால், லெஃப்டிலிருந்து வரும் மின்னோட்டம் சாம்ப்ளருக்குப் போகாமல் ரைட் அவுட்டுக்குள்தான் பாயும். சத்தம் கூடக்கூட ஒலி சிதையும், அவுட் ஐ.சி.யும் வீணாகச் சூடாகும். மானிட்டரும் அதே அவுட்டில் இருந்தால் இரண்டு ஸ்பீக்கரிலும் மோனோதான் கேட்கும்.

மிக்ஸரில் ஆக்ஸ் சென்ட் இருந்தால் அதுவே நல்ல வழி. எல்லாச் சானல்களையும் முறையாகக் கூட்டி மோனோவாகத் தருவதுதான் அதன் வேலை. சாதாரண கால் அங்குல மோனோ கேபிளால் ஆக்ஸ் சென்டை சாம்ப்ளரின் லைன் இன்புட்டில் கொடுங்கள். பதிவு செய்ய வேண்டிய சானலில் மட்டும் ஆக்ஸ் குமிழைத் திருப்புங்கள். ப்ரீ-ஃபேடர் (ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும்) வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபேடரை எப்படி ஆட்டினாலும் சாம்ப்ளருக்குப் போகும் அளவு மாறாது. ஸ்டீரியோ சானல்களில் ஆக்ஸ் இரண்டு பக்கத்தையும் கூட்டுகிறதா என்று சோதிக்க, உள்ளே வரும் கேபிள்களில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். இரண்டு முறையும் சாம்ப்ளரின் மீட்டர் ஆடினால் சரி.

சாம்ப்ளரின் அவுட்டை அதே மிக்ஸருக்குத் திருப்பிக் கொண்டுவந்தால், அந்தச் சானலின் ஆக்ஸ் குமிழ் கண்டிப்பாகச் சுழியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். ஸ்பீக்கரின் ட்வீட்டர் போய்விடலாம்.

ஆக்ஸ் இல்லாத மிக்ஸருக்கு மூன்று ரெசிஸ்டர் போதும். லெஃப்ட் முனையிலிருந்து 470 ஓம், ரைட் முனையிலிருந்து 470 ஓம், இரண்டின் மறுமுனைகளும் சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோ ஓம். கால் வாட் மெட்டல் ஃபிலிம் போதும். சேரும் இடம் சாம்ப்ளருக்குப் போகட்டும். சிறிய உலோகப் பெட்டிக்குள் வைத்தால் இரைச்சல் ஏறாது. மிக்ஸர் அவுட் பேலன்ஸ்டு வகை (ஒலிக்கு இரண்டு கம்பிகளைப் பயன்படுத்துவது) என்றால், ரிங்கை (பின்னின் நடு வளையத்தை) அப்படியே விடுவதா, கிரவுண்டில் சேர்ப்பதா என்று கையேட்டில் பாருங்கள். அவுட்டின் வகையைப் பொறுத்து அது மாறும்.

எல்லாவற்றையும் இடப்பக்கம் பேன் செய்து லெஃப்ட் அவுட்டை மட்டும் எடுப்பது மோனோ சானல்களுக்குச் சரிவரும். ஸ்டீரியோ சானலில் பேன் குமிழ் போலத் தெரிவது பெரும்பாலும் பேலன்ஸ் குமிழ். இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்க ஒலி வந்து சேராது, அடங்கிவிடும்.

கேள்வி: மிக்ஸரின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஸ்டீரியோ கேபிளால் என் சாம்ப்ளருக்குக் கொடுத்தேன். எதிரொலி கேட்கிறது, பாட்டுக்குரல், பேஸ், கிக் மூன்றையும் காணோம். கேபிள் பழுதா?

பதில்: கேபிளில் குறையில்லை. உங்கள் சாம்ப்ளரின் இன்புட் பேலன்ஸ்டு வகை. அது டிப்பில் (பின்னின் நுனியில்) வருவதிலிருந்து ரிங்கில் வருவதைக் கழிக்கும். ஹெட்போன் ஜாக்கில் டிப் லெஃப்ட், ரிங் ரைட். நடுவில் வைத்த ஒலிகள் இரண்டிலும் ஒரே அளவில் இருப்பதால் கழித்தலில் மறைந்துவிடுகின்றன. ஓரங்களில் விரிந்த எதிரொலி மட்டும் மிஞ்சுகிறது. இதைத் தவிர்க்கலாம் என்று நினைத்து மோனோ பின்னை ஹெட்போன் ஜாக்கில் செருகிவிடாதீர்கள்: அது ரைட் பக்கத்தைக் கிரவுண்டோடு குறுக்கிவிடும். மேலே சொன்ன ஆக்ஸ் வழிக்கே வாருங்கள்.

கேள்வி: பதிவான ஒலியில் ஒரே 'ஸ்ஸ்' இரைச்சல். மிக்ஸர் குறையா?

பதில்: அளவுதான் காரணமாக இருக்கும். 1986-இல் வந்த எஸ்900 ஒரு 12 பிட் இயந்திரம். கணக்குப்படியே மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடைவெளி சுமார் 72 டெசிபல்தான். மீட்டர் பாதிவரை ஏறும்படி பதிந்துவிட்டு பிறகு தூக்கினால் இரைச்சலும் கூடவே ஏறும். மிக்ஸர் மீட்டர் 0-வைத் தொடும்படி அனுப்புங்கள். பிறகு சாம்ப்ளரின் பதிவு அளவை, மிக உரத்த அடியில் உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வையுங்கள். மைக் இன்புட்டில் லைன் ஒலியைக் கொடுத்தால் சாம்ப்ளரில் எவ்வளவு குறைத்தாலும் கரகரக்கலாம்.

இரைச்சலுக்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் அது பெரும்பாலும் எர்த் சுழற்சி (இரு கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்வது). மிக்ஸரையும் சாம்ப்ளரையும் ஒரே பிளக் பாயிண்டில் இணையுங்கள். அப்படியும் போகாவிட்டால் நடுவே 1:1 ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டவே கூடாது.

கேள்வி: ஸ்ட்ரிங்ஸ் ஒலியை மோனோவாக்கினால் மெலிந்துவிடுகிறது. ஸ்டீரியோவாகவே எடுக்க வழியுண்டா?

பதில்: கோரஸ் (சற்றே விலகிய நகல்களைச் சேர்த்து ஒலியை விரிக்கும் விளைவு) போட்ட ஒலிகள் இரண்டு பக்கத்தையும் கூட்டும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு பக்கத்தை மட்டும் பதிந்தாலே பல நேரம் தடிமன் திரும்பிவிடும். ஸ்டீரியோவே வேண்டுமானால், ஒலி ஒவ்வொரு முறையும் அச்சாக ஒரே மாதிரி வர வேண்டும். எனவே முதலில் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். இரு பக்கத்துக்கும் முன்னால் ஒரே 'டிக்' ஒலியை வைத்து, லெஃப்டை ஒருமுறை, ரைட்டை ஒருமுறை சாம்ப்ளருக்கு அனுப்புங்கள். இரண்டிலும் டிக்கிலிருந்து ஒரே எண்ணிக்கை தள்ளித் தொடக்கப் புள்ளியை அமைத்து, தனித்தனி அவுட்டில் விட்டு, மிக்ஸரில் இரு ஓரங்களுக்குப் பேன் செய்யுங்கள். 40 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 40,000 சாம்பிள்) 40 சாம்பிள் விலகினாலே ஒரு மில்லிநொடி. படிமம் ஒரு பக்கம் சாயும். உச்சத் தரத்தில் எஸ்900-இன் நினைவகம் 11.75 நொடிதான் என்பதால், இப்படி எடுத்தால் ஆறு நொடிக்கும் குறைவான ஸ்டீரியோதான் கிடைக்கும்.