நகையை அடகுக்குக் கொண்டுபோக வேண்டாம், அக்கா

போன சனிக்கிழமை பாம்பனிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அண்ணன் வள்ளத்தில் போயிருந்தார். உங்கள் கையில் ஒரு தனியார் கல்லூரியின் விண்ணப்பம், நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ். துபாயில் இருக்கும் தம்பி பாதிப் பணம் தருகிறாராம், மீதிக்கு நகையை வைக்கலாமா என்று கேட்டுக் கண் கலங்கினீர்கள். "பார்க்கலாம் அக்கா, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. பதிலை இப்போது எழுதுகிறேன்: வைக்கக் கூடாது.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். பொறியியல் கவுன்சலிங்கில் அவளுக்காக 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2021ல் வந்த சட்டம் அது. அந்த வழியில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் 7.5 சதவீதத்தில் கிடைக்கும் கட்டணச் சலுகை அத்தனையும் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் படிப்பை விட்டுவிட்டு, அவள் கேட்காத படிப்புக்கு லட்சக்கணக்கில் கொடுக்கப் போகிறீர்கள்.

தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் தாய்மாமன் பணத்தில் படிக்கிற பெண் இரண்டாம் வருஷத்தில் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று வாய் திறக்க முடியுமா? அந்தப் பணத்துக்குப் பின்னால் வேறு பேச்சு ஏதாவது இருந்தால் அதை முதலில் பேசி முடியுங்கள். அதையும் படிப்பையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்.

அன்றைக்கு நாம் பணக்கணக்கு பேசிக்கொண்டிருந்தபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "சார், பாலத்துக்கு அடியில இவ்வளவு வேகமா தண்ணி ஓடுதே, அதுல கரண்ட் எடுக்க முடியாதா?" நீங்கள் அவளை அதட்டினீர்கள். எனக்கு அந்தக் கேள்வி இரண்டு நாள் மனதை விட்டுப் போகவில்லை. அப்பாவுடைய வள்ளத்து இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறாள் என்று நீங்களே குறைபோலச் சொன்னீர்கள். அதுதான் அவள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுகிறது.

அவள் கேட்டதற்குப் பதில், முடியும். ஆனால் எவ்வளவு என்பதுதான் விஷயம். கடல்நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி கொண்டது. அதனால் மெதுவான நீரோட்டத்திலும் விசை இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நம் கரையில் ஓத ஏற்றத்தாழ்வு, அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டருக்கும் குறைவு, குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரைத் தாண்டும். பெரிய ஓதமின் நிலையம் பாம்பனுக்கு வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்த மாதத்தில் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று அளந்து சொல்வதே ஒரு தொழில், அக்கா. வடகடலும் (பாக் கடல்) தென்கடலும் (மன்னார் வளைகுடா) எப்போது மாறும் என்று தெரிந்த வீட்டில் பிறந்தவள் அவள்.

கடலிலிருந்து மின்சாரம் எடுக்கும் இந்தத் துறையில் என்ன வேலை நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு வேறு யாரும் சொல்லப் போவதில்லை. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991லேயே அலையிலிருந்து மின்சாரம் எடுக்க 150 கிலோவாட் நிலையம் கட்டினார்கள். சென்னை ஐஐடி செய்த வேலை. 2022 நவம்பரில் அதே ஐஐடி 'சிந்துஜா-1' என்ற அலைக்கருவியைத் தூத்துக்குடிக் கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, சுமார் 20 மீட்டர் ஆழமுள்ள கடலில் இறக்கிச் சோதித்தது. நமக்குப் பக்கத்துக் கடல்தான். இந்தக் கருவிகளைத் தோற்கடிப்பது துருவும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடலுயிரான கொட்டலசும். வள்ளத்தின் அடியைச் சுரண்டுகிற அண்ணனுக்கு அது தெரியும். கடலுக்குள் வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய டர்பைனில் கொட்டலசு ஒட்டினால் இறக்கையின் வடிவமே மாறிவிடும். எந்தப் பூச்சு தாங்கும், பேரிங் எப்போது தேயும், உப்புக் காற்றில் கேபிள் இணைப்பு எத்தனை நாள் நிற்கும் என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

இன்னொரு பாதி, கடலுக்கு என்ன ஆகிறது என்பது. பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966ல் 240 மெகாவாட் ஓதமின் நிலையம் கட்டினார்கள். கட்டும்போது முகத்துவாரத்தையே அடைத்ததால் உள்ளே இருந்த உயிர்கள் அழிந்தன, திரும்ப வரப் பத்து வருஷம் போல ஆயிற்று. கனடாவின் அன்னாபொலிஸில் 1984ல் தொடங்கிய 20 மெகாவாட் நிலையம் 2019ல் பழுதாகி நின்றது. மீன்களுக்கு அது செய்யும் சேதத்தை மீன்வளத் துறை சுட்டிக்காட்டிய பிறகு மறுபடி ஓடவில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளை இந்த ஆராய்ச்சிக்குள் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். நம் பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, மேலே பாக் கடலில் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்குக் காப்பகம். இங்கே ஒரு கருவி இறக்குவதற்கு முன் அதன் சத்தம், கேபிளின் மின்காந்தப் புலம், அடியிலிருக்கும் பாசி எல்லாவற்றையும் அளந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகத்தில் 'சென்சார் ஃபிஷ்' என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஒன்பது சென்டிமீட்டர் நீளம், சின்ன மீன் அளவு. அதை அணையின் டர்பைன் வழியாக விடுவார்கள். உள்ளே எத்தனை முறை இடித்தது, அழுத்தம் எவ்வளவு சட்டென்று குறைந்தது என்று அது பதிவு செய்துகொண்டு வெளியே வரும். ஆழத்தில் பிடித்த மீனை வேகமாக இழுத்தால் வயிறு உப்பி வருமே, டர்பைனுக்குள் மீனுக்கு நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரியும்.

சரி, எதில் சேர்ப்பது? கவுன்சலிங்கில் ஈஇஇ (மின்னியல், மின்னணுப் பொறியியல்) அல்லது மெக்கானிக்கல். ராமநாதபுரம் பக்கத்துப் புல்லங்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது, விருப்பப் பட்டியலில் அதை மேலே போடுங்கள். 'கடல் ஆற்றல்' என்று பெயர் வைத்த பட்டயம், சான்றிதழ் எதற்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். மரைன் இன்ஜினியரிங் என்று யாராவது சொன்னால், அது கப்பல் இன்ஜின் அறை வேலை, வேறு படிப்பு. நான்காம் வருஷத்தில் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதட்டும். நல்ல மதிப்பெண் வந்தால் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் எம்.டெக். கேட் வழியில் சேர்கிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிறகு பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்கள். கருவியைவிடக் கடலுயிர்தான் பிடிக்கிறது என்று நடுவில் அவள் சொன்னால் அதையும் கேளுங்கள். தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். நம் நாட்டில் கடல் ஆற்றல் இன்னும் பெரிய தொழிலாகவில்லை. வேலைகள் ஆய்வகங்களில்தான், அவற்றிலும் பல ஒப்பந்த வேலைகள். அதனால்தான் அடிப்படைப் பட்டம் ஈஇஇ ஆக இருக்கட்டும் என்கிறேன். கடல் கைகொடுக்காவிட்டாலும் காற்றாலையும் நீர்மின்சாரமும் இருக்கின்றன. பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் வைகைக்கு வருகிறது, நல்ல வருஷத்தில் நம் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் வந்து சேருகிறது. கடம்பாறையில் 400 மெகாவாட்டுக்குத் தண்ணீரை மேலே ஏற்றி இறக்குகிறார்கள். அங்கெல்லாம் டர்பைன் தெரிந்தவருக்கு வேலை உண்டு.

தம்பியிடம் நான் பேச வேண்டுமென்றால் எண்ணைக் கொடுங்கள், பேசுகிறேன். வருகிற சனிக்கிழமை அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குள் மகள் ஒரு நோட்டுப் போடட்டும். பாலத்துக்கு அடியில் வாடைக் காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், தென்காற்று வீசும் சோழகத்தில் எந்தப் பக்கம், எந்த நேரத்தில் வள்ளத்தை விடவே முடியாது என்று அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கவுன்சலிங் பதிவுக்கு வேண்டிய சான்றிதழ்களையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், அங்கேயே உட்கார்ந்து பதிவு செய்துவிடலாம்.