சைக்கிள், ஸ்கேட், பேட்டரி ஸ்கூட்டர்: ஹெல்மெட் யாருக்குக் கட்டாயம்?

கேள்வி: 15 வயது மகள் சைக்கிள் ஓட்டுகிறாள். 9 வயது மகன் ஸ்கேட்டிங் பழகுகிறான், காலால் உந்தும் ஸ்கூட்டரும் ஓட்டுகிறான். நான் நின்றபடி ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். எங்கள் மூவருக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயமா? மகனுக்குச் சைக்கிள் ஹெல்மெட்டே போதுமா?

பதில்: எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி கிடையாது. உங்கள் ஊர் விதியைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: என்ன வண்டி, ஓட்டுபவரின் வயது, எந்தச் சாலை.

உங்கள் மகளையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-இலும் நியூசிலாந்து 1994-இலும் எல்லா வயதினருக்கும் சைக்கிள் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கின. அங்கே அவள் போட்டே ஆக வேண்டும். ஸ்பெயினில் 16 வயதுக்குக் கீழ் என்பதால் கட்டாயம். ஸ்வீடனில் வரம்பு 15-க்குக் கீழ், மயிரிழையில் தப்பிவிடுவாள். பிரான்சில் 12-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான். பிரிட்டனில் பரிந்துரை உண்டு, கட்டாயம் இல்லை. ஜப்பான் 2023-இல் எல்லாரும் போட முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது, ஆனால் அபராதம் வைக்கவில்லை. இத்தனை நாடுகளிலும் தலை ஒன்றுதான் என்பதால், சட்டம் விட்டாலும் அவளை விடாதீர்கள் என்பதே என் கருத்து.

மகன் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சைக்கிள்’ என்று மட்டும் எழுதிய சட்டம் ஸ்கேட்டைத் தொடாது. ஜெர்மனியில் ஸ்கேட்டில் போகிறவர் பொதுவாக நடந்துபோகிறவர் கணக்கில்தான் வருவார். கலிபோர்னியா சட்டமோ சைக்கிள், மோட்டார் இல்லாத ஸ்கூட்டர், ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட் என்று பெயர் சொல்லி, 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் கட்டாயம் என்கிறது. அபராதத்துக்குப் பெற்றோரும் பொறுப்பு.

இனி நீங்கள். பேட்டரி வந்ததும் கணக்கு மாறிவிடும். டென்மார்க்கில் சாதாரண சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. பேட்டரி ஸ்கூட்டருக்கு 2022 முதல் கட்டாயம். இத்தாலியில் 2024 டிசம்பர் முதல் எல்லா வயதினரும் போட வேண்டும். ஆனால் கலிபோர்னியாவில் பெரியவர்களுக்கு விலக்கு. உங்கள் வண்டியின் வேகமும் சக்தியும் அங்குள்ள வரம்பைத் தாண்டினால் அது மோட்டார் வாகனமாகிவிடலாம். அப்புறம் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், உரிமம் எல்லாம் கேட்பார்கள்.

சரி, ஒரே ஹெல்மெட் போதுமா? உள்ளே ஒட்டியிருக்கும் தரச் சீட்டைப் பாருங்கள். ஐரோப்பாவின் இ.என். 1078 தரம் சைக்கிள், ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட் மூன்றையும் சேர்த்தே எழுதப்பட்டது. அந்த எண் இருந்தால் போதும். அமெரிக்காவில் சைக்கிளுக்கு சி.பி.எஸ்.சி., ஸ்கேட்டுக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப் 1492 என்று தனித்தனித் தரங்கள். இரண்டும் அச்சிட்ட ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள். உருண்டையான ‘ஸ்கேட்’ வடிவத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வடிவம் தரத்தைச் சொல்லாது.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் உண்டு. சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை ஒரே ஒரு பலத்த அடியில் நசுங்கி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது திரும்ப எழாது. வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் மாற்றிவிட வேண்டும். ஸ்கேட் பழகுகிறவன் அடிக்கடி விழுவான், அதுவும் பின்பக்கமாக. அதனால் ஸ்கேட் ஹெல்மெட் பிடரிவரை இறங்கியிருக்கும், பல அடிகளைத் தாங்குமாறு சோதிக்கப்பட்டிருக்கும். பலத்த அடி பட்டால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

போடும்போது புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம், தாடை வாருக்குள் ஒரு விரல் நுழையும் இடைவெளி, அவ்வளவுதான். இன்னொன்று: மகன் ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு ஊஞ்சல், ஏணி, சறுக்கு மரம் என்று ஓடினால், முதலில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கம்பிகளுக்கிடையே ஹெல்மெட் சிக்கி, தாடை வார் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு.